பாலாற்று மணலில் மட்டும் திறந்துவிடாதீர்கள்

பெங்களூரிலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு கேரவனில் வருகிறோம், வேலூரில் ஓர் இரவு தங்கல், கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாடுகளில் இதற்கென்றே இடம் கட்டி வைத்திருப்பார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

வாணியம்பாடி தொடங்கி வாலாஜா வரை நெடுஞ்சாலை பாலாற்றை ஒட்டியேதான் வரும். வறண்ட மணல்தானே என்று தோன்றும். போன வருடம் எங்கள் உறவினர் வாடகைக்கு எடுத்து வந்த வண்டியின் டிரைவருக்கும் அப்படித்தான் தோன்றியது. விடியற்காலையில் ஆற்றில் இறக்கி வால்வைத் திறந்துவிட்டார். பத்து நிமிடத்தில் மணல் அத்தனையையும் குடித்துவிட்டது, மேலே ஈரத்திட்டும் காகிதமும்தான் மிச்சம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் பாட்டி அதே ஆற்றில் கையால் ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தை நிரப்பியவர். பாலாறு மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. கரையோர ஊர்களின் குடிநீர்க் கிணறுகள் இன்னும் அதை நம்பித்தான் இருக்கின்றன. தோல் தொழிற்சாலைக் கழிவு அந்த நீரைக் கெடுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்தது. நாமும் நம் பங்குக்கு ஊற்ற வேண்டாம்.

சாலையோரக் கால்வாயும் கூடாது. அது பாதாளச் சாக்கடை இல்லை, மழைநீர் போவதற்கு. கடைசியில் ஏதாவது ஏரிக்கோ ஆற்றுக்கோதான் போய்ச் சேரும்.

சரி, வேறு என்ன வழி? தங்கும் விடுதியில் அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள்: "செப்டிக் டேங்க் இருக்கிறதா, எங்கள் வண்டித் தொட்டியை அதில் இறக்கலாமா?" கையில் தூக்கிச் செல்லும் பெட்டி வகை என்றால் இருபது லிட்டர் அளவுதான். கழிவறையிலேயே மெதுவாக ஊற்றி, நன்றாகத் தண்ணீர் விட்டுவிடலாம். பெரிய தொட்டி என்றால் செப்டிக் டேங்க் லாரியை வரவழைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். லாரிக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் அந்த லாரி வேண்டாம். 14420 என்ற எண் இதற்கான அரசு உதவி எண்.

நாங்கள் எங்கள் வீட்டுச் செப்டிக் டேங்கில் ஒருமுறை இறக்கியிருக்கிறோம். முதலில் கழிவறைத் தொட்டி, அப்புறம் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர். அந்தச் சோப்புத் தண்ணீரே ஹோஸை அலசிவிடும். ஹோஸ் முனையில் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஒரு முழங்கை இணைப்பு இருந்தது. பழுப்பாக வந்தது வெளுத்துத் தெளிவாகும் வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கையுறை கட்டாயம். இறக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கழிவறைத் தொட்டி வால்வை மூடியே வையுங்கள். ஹோஸை மாட்டித் திறந்தே விட்டிருந்தால் தண்ணீர் மட்டும் வடிந்து, கட்டி அடியில் இறுகிவிடும்.

இன்னொன்று, நாற்றத்துக்கு ஊற்றும் மருந்தில் ஃபார்மால்டிஹைடு இருந்தால் வாங்காதீர்கள். செப்டிக் டேங்கில் கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். இடம் கொடுத்தவர் வீட்டுத் தொட்டிதான் அப்புறம் நாறும். என்சைம் வகை மருந்து கிடைக்கிறது.

காட்பாடி பக்கம் தங்குவதாக இருந்தால் இங்கேயே எழுதுங்கள். எங்கள் வீட்டு வாசல் வரை வண்டி வரும்.