காப்பறைக்குள் என்ன நடக்கிறது? – கேள்வி பதில்

பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவிலும் அருங்காட்சியகக் காப்பறையிலும் வேலை பார்த்தவன் நான். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

பழைய கையெழுத்துப் பிரதியைத் தொட வெள்ளைக் கையுறை கட்டாயமா?

தேவையில்லை. சினிமா பார்த்து வந்த பழக்கம் அது. துணிக் கையுறைக்குள் விரல் நுனி மரத்துப்போகும், மடிந்த ஓரம் தட்டுப்படாமல் தாளைக் கிழித்துவிடுவோம். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். புகைப்படத்துக்கும் உலோகப் பொருளுக்கும் மட்டும் கையுறை வேண்டும். அப்புறம், 19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சை அட்டைப் புத்தகங்கள் சிலவற்றில் ஆர்சனிக் நிறமி உண்டு. அங்கே கையுறை நமக்காக.

400 வருடப் புத்தகம் திடமாக இருக்கிறது, 100 வருடப் புத்தகம் பொடிகிறதே?

முன்பு கந்தல் துணியிலிருந்து தாள் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழ் வந்தது, கூடவே படிகாரமும் அமிலமும். அந்தத் தாள் தன்னைத்தானே தின்கிறது.

பூச்சி வந்தால் மருந்து அடிப்பீர்களா?

உறைய வைப்போம். யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் 1977இல் வண்டு புகுந்தபோது, புத்தகங்களைச் சுமார் மைனஸ் 36 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைத்தார்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டித்தான் உள்ளே வைக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது வேர்ப்பது பையாக இருக்கட்டும், புத்தகமாக வேண்டாம்.

காட்சிக்கு வைக்காமல் பெட்டியிலேயே பூட்டி வைப்பது வீண் இல்லையா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும், பூண்டோடு அழிந்துபோன டோடோ என்ற பறவையைத்தான் காட்டுவேன். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683இல் திறந்தபோதே அதன் தொகுப்பில் ஒரு டோடோ இருந்தது. உடல் மக்கிப்போக, 1755இல் தலையையும் ஒரு காலையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெறும் மிச்சம்! அதிலிருந்துதான் பின்னாளில் மரபணு எடுத்து, டோடோ புறாவின் உறவு என்று உறுதிசெய்தார்கள். 2018இல் ஸ்கேன் செய்தபோது தலையின் பின்பக்கத்தில் ஈயக் குண்டுகள் தெரிந்தன. யாரோ சுட்டிருக்கிறார்கள். 1755இல் ஸ்கேனைக் கனவிலும் யாரும் கண்டிருக்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்திலேயே கிடந்திருந்தால் இறகும் தோலும் வெளுத்திருக்கும். வெளிச்சத்தால் வந்த சேதத்தைத் திருப்ப வழியே இல்லை.

மாணவர் அல்லாதவர் பார்க்கலாமா?

பல இடங்களில் முடியும். நூலக அட்டவணையில் புத்தகத்தின் எண்ணைத் தேடிக் குறித்து, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பென்சில் கொண்டுபோங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.

குடும்பத்துப் பழைய புத்தகங்களைக் கொடுக்க நினைக்கிறோம். சுத்தம் செய்து தரவா?

தயவுசெய்து வேண்டாம். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் போடாதீர்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று தனித் தாளில் எழுதிக் கொடுங்கள். ஒருமுறை எங்களிடம் ஒரு பெட்டி வந்தது. தூசியே இல்லை, அழகாக அடுக்கியிருந்தார்கள். உள்ளே இருந்த சீட்டுகள் எங்கே என்று கேட்டால், குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டோம் என்றார்கள். எந்தப் பக்கத்தில் எந்தச் சீட்டு இருக்கிறதோ, அது அங்கேயே இருக்கட்டும்.