வேறு பைக்கின் ஃபோர்க்கை நம் பைக்கில் பூட்டுவது: கேள்வி பதில்

என் பைக்கில் 37 மி.மீ. ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்க் கால்கள்). வேறொரு பைக்கின் 43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க் (பருத்த வெளிக்குழாய் மேலே, உள்குழாய் கீழே) கிடைத்திருக்கிறது. எதையெல்லாம் கடைய வேண்டியிருக்கும்?

ஃபோர்க் மட்டும் கிடைத்ததா, முழு செட்டா? மேல் கிளாம்ப், கீழ் கிளாம்ப் (ஃபோர்க் கால்களைப் பிடிக்கும் தட்டுகள்), சக்கரம், ஆக்சில், டிஸ்க், காலிபர் எல்லாம் ஒரே பைக்கிலிருந்து வந்திருந்தால் லேத் வேலை பெரும்பாலும் ஸ்டெம்மோடு, அதாவது கிளாம்பிலிருந்து வண்டிச் சட்டத்தின் கழுத்துக்குள் போகும் தண்டோடு, முடிந்துவிடும். பழைய சக்கரத்தையே வைத்துக்கொண்டால் பேரிங், ஸ்பேசர், டிஸ்க் நிற்கும் இடம் என்று வேலை நீண்டுகொண்டே போகும். இன்னொன்று: 43 என்பது கீழே தெரியும் குரோம் குழாயின் அளவு. கிளாம்ப் பிடிப்பது அதைவிடப் பெரிய வெளிக்குழாயை. அதனால் பழைய கிளாம்பைப் போர் செய்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி) ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள்.

அண்ணா, பழைய ஸ்டெம்மைப் புதுக் கிளாம்பில் வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். சரிதானா?

வேண்டாம் தம்பி. ஸ்டெம் இரும்பு, கிளாம்ப் பெரும்பாலும் அலுமினியம். இரண்டும் வெல்டிங்கில் சேராது. இரண்டுமே இரும்பாக இருந்தாலும் சூட்டில் ஸ்டெம் கோணிக்கொள்ளும், பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் முழு வேகமும் வந்து இறங்குகிற இடம் அது.

சரியான வழி, இறுக்கப் பொருத்தம். கிளாம்பின் துளை 30.00 மி.மீ. என்றால் ஸ்டெம் 30.03 முதல் 30.04 வரை இருக்கட்டும். வெர்னியரை நம்ப வேண்டாம், மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். கிளாம்பைச் சூடாக்கி, ஸ்டெம்மை ஃப்ரீசரில் வையுங்கள். 120 டிகிரி சூடு ஏறினால் அந்த 30 மி.மீ. துளை சுமார் 0.08 மி.மீ. விரியும். அந்த நேரத்தில் ஸ்டெம் கை அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்கும். நேராகப் பிடித்து ஒரே மூச்சில் இறக்கிவிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் அங்கேயே கவ்விக்கொள்ளும்.

பழைய ஸ்டெம் ஒல்லியாக இருந்தால் புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) போட்டுச் சரிக்கட்டுவதைவிட, நல்ல குரோம்-மாலி எஃகில் புதிதாகக் கடைந்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. அடியில் ஒரு தோள் விட்டுக் கடையுங்கள். மேல் நட்டை இறுக்கும்போது ஸ்டெம் உருவிக்கொண்டு வராமல் அது தடுக்கும். கீழ் பேரிங் உட்காரும் இடம் இறுக்கமாகவும், மேல் பேரிங் உட்காரும் இடம் சற்று வழுக்கலாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது.

புது ஃபோர்க் பழையதைவிட 25 மி.மீ. குட்டை. ஹேண்டில் ஆட்டம் வருமா?

ட்ரெயிலைக் கணக்குப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஸ்டெம்மின் கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில்; அது குறைந்தால் ஹேண்டிலின் நிதானமும் குறையும். சக்கர ஆரம் 300 மி.மீ., ரேக் (செங்குத்திலிருந்து ஸ்டெம் சாயும் கோணம்) 25 டிகிரி, கிளாம்ப் ஆஃப்செட் (ஸ்டெம்முக்கு எவ்வளவு முன்னால் ஃபோர்க் கால்கள் நிற்கின்றன என்பது) 35 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெயில் சுமார் 101 மி.மீ. வரும். முன்பக்கம் 25 மி.மீ. இறங்கினால், சக்கர இடைவெளி 1400 மி.மீ. உள்ள பைக்கில் ரேக் ஏறக்குறைய 1 டிகிரி குறையும். ட்ரெயில் 95-க்கு வந்துவிடும். ஆனால் புதுக் கிளாம்பின் ஆஃப்செட் 30 ஆக இருந்தால் மறுபடி 101 ஆகிவிடும். குட்டை ஃபோர்க்கும் குறைந்த ஆஃப்செட்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிளாம்ப் வாங்கும் முன்பே ஆஃப்செட்டை அளந்துவிடுங்கள்.

கிளாம்பையே புதிதாகச் செய்யலாமா?

செய்யலாம். 6061 அல்லது 7075 ரக அலுமினியக் கட்டியில் கடையுங்கள், வார்ப்பு வேண்டாம். மேல், கீழ் இரண்டு தட்டுகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரே பிடிப்பில் போர் செய்ய வேண்டும். தனித்தனியாகச் செய்தால் துளைகளின் இடைவெளி மயிரிழை மாறினாலும் இரண்டு கால்களும் இணையாக நிற்காது. ஃபோர்க் ஏறி இறங்கும்போது பிடிக்கும். போல்ட் போட்டு இறுக்குவதற்கான பிளவை வெட்டுவது போர் முடிந்த பிறகுதான்.

ஸ்டெம்முக்கு டேப்பர் பேரிங் (கூம்பு உருளைகள் உள்ளது) போடலாமா?

தாராளமாக. முதல் சில நூறு கிலோமீட்டரில் ஒருமுறை ஆட்டம் பார்த்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. ஓட்டிப் பார்க்கலாமா?

இருங்கள். ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு ஃபோர்க்கை அடிவரை அமுக்குங்கள். டயர் கீழ் கிளாம்பிலோ ரேடியேட்டரிலோ இடிக்கிறதா? அதே நிலையில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். ஃபோர்க் டேங்கைத் தொட்டால், ஹேண்டில் திரும்புவதைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரை மாற்ற வேண்டும். பிரேக் ஹோஸ் எங்காவது இழுபட்டாலும் ஓட்டக்கூடாது. கிளாம்ப் போல்ட்டை டார்க் ரெஞ்சில், சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். தலைகீழ் ஃபோர்க்கில் அதிகமாக முறுக்கினால் வெளிக்குழாய் நசுங்கி, உள்குழாய் ஒட்டி ஒட்டி இறங்கும்.

என்னுடையது 150 சிசி, தினமும் வேலைக்குப் போகும் வண்டி. பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது. எனக்கும் இதெல்லாம் தேவையா?

தேவையில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங், புது எண்ணெய், இரண்டு காலிலும் ஒரே எண்ணெய் மட்டம். முதலில் இவற்றைச் செய்யுங்கள். நீங்கள் ஏறி உட்காரும்போது ஃபோர்க் தன் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் மென்மை என்று பொருள். அதன் பிறகும் பள்ளத்தில் கை அதிர்ந்தால், பழைய ஃபோர்க்குக்குள்ளேயே எமுலேட்டர் வால்வு (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு வால்வு) போடலாம். அதற்கு டேம்பர் ராடில் (ஃபோர்க்குக்குள் எண்ணெய் பாயும் துளைகள் உள்ள குழாய்) துளைகளைப் பெரிதாக்கினால் போதும், ஸ்டெம்மில் கை வைக்க வேண்டாம்.