ஏஞ்சல் மீன்கள் திடீரென்று முரடாகிவிட்டனவா? மருந்துப் பாட்டிலை ஓரமாக வையுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு மூன்றடி டேங்கில் ஆறு ஏஞ்சல், பத்து நியான் டெட்ரா, நான்கு கோரிடோராஸ், ஒரு குராமி இருக்கின்றன. எட்டு மாதமாக எந்தச் சண்டையும் இல்லை. ஒரு வாரமாக இரண்டு ஏஞ்சல்கள் மட்டும் ஃபில்டர் பக்கம் நின்றுகொண்டு மற்ற மீன்களை விரட்டுகின்றன. ஃபில்டர் குழாயையே கொத்துகின்றன. நடுநடுவே உடம்பு வெடவெடவென்று ஆடுகிறது. மற்ற நான்கு ஏஞ்சல்களும் எதிர்மூலையில், தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒண்டிக்கிடக்கின்றன. தீனி போட்டாலும் வருவதில்லை. நியானில் ஏழுதான் மிச்சம், ஆனால் செத்த மீன் எதுவும் கண்ணில் படவில்லை. கோரிடோராஸ் விருட்டென்று மேலே போய்விட்டுத் திரும்புகின்றன. மெத்திலீன் ப்ளூவும் கல் உப்பும் போடச் சொன்னார் கடைக்காரர். உப்பு ஒரு பிடி போட்டுவிட்டேன். இது என்ன நோய்?

பதில்: இது நோய் இல்லை. உங்கள் ஆறு ஏஞ்சல்களில் இரண்டு ஜோடி சேர்ந்துவிட்டன. முட்டையிட இடம் பிடித்து, அந்த இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கின்றன. குழாயைக் கொத்துவது அதற்காகத்தான். அமேசான் ஆற்றுப் படுகையில் ஏஞ்சல்கள் அகலமான இலைகளிலும் நீரில் செங்குத்தாக நிற்கும் தண்டுகளிலும் முட்டை ஒட்டும். வீட்டு டேங்கில் அவற்றுக்குக் கிடைக்கும் தண்டு, பெரும்பாலும் ஃபில்டர் குழாய் அல்லது ஹீட்டர். உங்கள் மீன்களுக்கு இப்போது முட்டையிடும் வயது. சிறு குஞ்சாக வாங்கியிருந்தால் எட்டு மாதம் என்பது சரியாகப் பொருந்துகிறது.

நோயால் வரும் நடுக்கத்தையும் இந்த நடுக்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது? உடம்பு சரியில்லாத மீன் துடுப்புகளை உடலோடு ஒட்டிவைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தொடர்ந்து ஆடும். நிறம் மங்கும், செவுள் வேகமாக அடிக்கும், தீனியைத் திரும்பிப் பார்க்காது. ஜோடி சேர்ந்தவை துடுப்பை அகல விரித்து, ஒன்றையொன்று எதிர்கொண்டு ஒரு நொடி உதறிவிட்டு வேலையைத் தொடரும். தீனி போட்டால் முதலில் பாய்ந்து வருவதும் அவைதான். இன்னும் உறுதி வேண்டுமா? வயிற்றின் அடியில், ஆசனவாய்க்கு அருகில் ஒரு சிறு குழல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். முட்டையிடுவதற்கு ஓரிரு நாள் முன்பு அது தெரியும். மெலிந்து கூராக இருந்தால் ஆண். தடித்து மொண்ணையாக இருந்தால் பெண். இரண்டும் மொண்ணையாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஆண் கிடைக்காதபோது இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி சேர்வதும் முட்டையிடுவதும் உண்டு. அந்த முட்டைகள் எல்லாம் இரண்டு நாளில் வெள்ளையாகிவிடும்.

இந்த ஜோடியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எதிர்மூலையில் ஒண்டியிருக்கும் நான்கைப் பற்றித்தான் கவலை. முட்டை காக்கும் ஏஞ்சல் ஜோடி, மூன்றடி டேங்கில் பாதிக்கு மேல் தன் வீடு என்று நினைக்கும். மிரண்டுபோய்ப் பட்டினி கிடக்கும் மீனுக்கு எதிர்ப்பு சக்தி குறையும். வெள்ளைப்புள்ளி நோய் எட்டிப் பார்ப்பது அந்த நேரத்தில்தான். இரண்டு வாரம் கழித்து அந்த நான்கில் ஒன்று நிஜமாகவே நோயாளி ஆகலாம். அப்போது கடைக்காரர் “நான் அன்றைக்கே சொன்னேனே” என்பார்.

ஆகவே பிரித்துவிடுங்கள். ஒன்றேகால் அடி அகலமும் உயரமும் உள்ள இரண்டடி டேங்க் ஏறக்குறைய 88 லிட்டர் பிடிக்கும். ஒரு ஜோடிக்கு அது தாராளம். அதில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சாய்த்து வைத்த ஒரு கடப்பாக் கல் துண்டு போதும். ஸ்பாஞ்சைப் புதிதாகப் போடாமல், இரண்டு மூன்று வாரம் பெரிய டேங்கிலேயே ஓடவிட்டு எடுத்துக்கொண்டால், மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அதில் தயாராக இருக்கும். அதுவரை? பெரிய டேங்கின் குறுக்கே, தண்ணீர் புகுந்து வரும்படி ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை நிறுத்துங்கள். ஃபில்டர் ஜோடி இருக்கும் பக்கமே போய்விடும் என்பதால் மறுபக்கத்தில் ஏர் ஸ்டோன் ஒன்று ஓடட்டும். இரண்டாவது டேங்குக்கு இடமில்லை என்றால் ஜோடியையோ மற்ற நான்கையோ யாருக்காவது கொடுத்துவிடுவதே நல்லது. செடி, கற்களை இடம் மாற்றிவைத்தால் சண்டை அடங்கும் என்று சிலர் சொல்வார்கள். சில நாள் அடங்கும், அவ்வளவுதான். முட்டை போனால் இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த ஈடு வந்துவிடும்.

நியான்களைத் தேட வேண்டாம். அவை ஏஞ்சல்களின் வயிற்றில் இருக்கின்றன. மிச்சமிருக்கும் ஏழின் நீலக்கோடு மங்காமல் பளிச்சென்று இருந்தால் நோய்ச் சந்தேகமே தேவையில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவில் ஏஞ்சலை வாங்கி வந்தபோது நியானும் அதுவும் தோழர்கள். இன்று ஏஞ்சலின் வாய்க்குள் நியான் நுழையும், அதனால் போகிறது. பெரும்பாலும் இரவிலோ அதிகாலையிலோ நடக்கும் என்பதால் நாம் பார்ப்பதில்லை. இந்த இரண்டையும் ‘கம்யூனிட்டி மீன்கள்’ என்று ஒரே கவரில் கட்டிக் கொடுக்கும் பழக்கம் என்றுதான் மாறுமோ! மிச்சம் ஏழையும் வேறு டேங்குக்கு மாற்றினால்தான் பிழைக்கும்.

கோரிடோராஸ் மேலே போய் வருவது அவற்றின் இயல்பு. மேற்பரப்பில் காற்றை விழுங்கி, குடலின் பின்பகுதி வழியாக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும் மீன் அது. குராமியும் மேலே வந்து காற்று குடிக்கும். அதற்கு அதற்கென்றே தனி உறுப்பு உண்டு. எப்போதாவது ஒன்று போய் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். நான்கு கோரிகளும் ஓயாமல் மேலும் கீழும் ஓடினால், அல்லது ஏஞ்சல்களும் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது வேறு கதை. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அம்மோனியா ஏறியிருக்கலாம். டெஸ்ட் கிட் வைத்துப் பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

உப்புக்கு வருவோம். ஒரு பிடியால் பெரிய ஆபத்து வந்துவிடாது. ஆனால் மேற்கொண்டு போடாதீர்கள். கோரிடோராஸுக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் ஆவியானாலும் உப்பு அப்படியே தங்கிவிடும். எனவே குறைந்த அளவை நிரப்பினால் மட்டும் போதாது. மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள், அடுத்த வாரமும் ஒருமுறை. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள்.

மெத்திலீன் ப்ளூ நல்ல மருந்துதான், ஆனால் இந்த டேங்குக்கு வேண்டாம். ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவைப் பாதிக்கும், செடி வாடும், மூலைகளில் உள்ள சிலிக்கான் நீலமாகிவிடும். முட்டைகளைத் தனித் தொட்டியில் பொரிக்கவைத்தால், பூஞ்சை பிடிக்காமலிருக்க அதே மருந்தைச் சில சொட்டு விடுவார்கள். அங்கே அது உதவும்.

குஞ்சு வளர்க்க ஆசை இருந்தால் கேளுங்கள். சில நூறு முட்டைகள் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும். 26 முதல் 28 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பொரியும். குஞ்சுகள் உடனே நீந்தாது. தலையில் சுரக்கும் பசையால் ஒட்டித் தொங்கியபடி வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய ஐந்து நாளில் நீந்தத் தொடங்கும்போதுதான் தீனி தேவை. அன்றன்றைக்குப் பொரித்த ஆர்டீமியா என்ற நுண்ணிய இறால் குஞ்சுதான் முதல் தீனி. பொடித் தீனியை மட்டும் நம்பினால் பாதி தேறாது. முதல் இரண்டு மூன்று ஈடுகளைப் பெற்றோரே தின்றுவிட வாய்ப்பு அதிகம். இளம் ஜோடிகளிடம் இது சகஜம், மனம் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் விற்கும் ஏஞ்சல்களில் பெரும்பாலானவை கொளத்தூர் போன்ற இடங்களின் பண்ணைகளில் பிறந்தவை. அதனால் போர்வெல் தண்ணீர் ஓரளவு கடினமாக இருந்தாலும் முட்டையிடும். முட்டை பொரியும் விகிதம்தான் கொஞ்சம் குறையலாம்.

நியான் போன இடத்தில் வேறு சிறு மீன் விட நினைத்தால், வளர்ந்த மோலி, பிளாட்டி பார்த்து வாங்குங்கள். கடினத் தண்ணீர் அவற்றுக்குப் பிடிக்கும். டைகர் பார்ப் மட்டும் வேண்டவே வேண்டாம். ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கடித்துக் கிழித்துவிடும். மோலி போடும் குட்டிகளை ஏஞ்சல்கள் விட்டுவைக்காது. டேங்க் நிரம்பி வழியும் என்ற பயமும் இல்லை.