இன்சுலின் ஊசிக்குப் போய்விட்டால் கடைசிக் கட்டம் என்கிறார்களே, உண்மையா? ஆபீஸில் யாருக்கும் தெரியாமல்தான் போட்டுக்கொள்கிறேன்.

உண்மையில்லை. பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அவசரமாகப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் மறைத்துப் போடுவதால் என்ன கெடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தவறுவது நேரம். "ரெகுலர்" என்ற வகை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் நகரட்டும் என்று காத்திருந்து சாப்பிட்ட பிறகு போட்டால், மருந்து வேகமெடுப்பதற்குள் சுகர் எகிறிவிடும். மருந்து உச்சத்துக்கு வரும்போது சாப்பாடு செரித்திருக்கும், சுகர் லோ ஆகும்.

அடுத்தது இடம். சட்டையை விலக்கினால் சட்டென்று எட்டுகிற அதே இடத்தில் தினமும் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகும். அங்கே வலி குறைவு என்பதால் கை தானாக அங்கேயே போகும். ஆனால் மருந்து ஒரு நாள் நன்றாக இறங்கும், ஒரு நாள் இறங்காது. "டோஸை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்" என்று புலம்புகிறவர்கள் பலருக்கு வயிற்றைத் தடவிப் பார்த்தால் இந்தக் கட்டி இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை தள்ளிப் போடுங்கள். கட்டியிலிருந்து நல்ல தோலுக்கு மாறும்போது பழைய டோஸே அதிகமாகிவிடலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள். இன்சுலின் பேனாவின் பட்டனை அழுத்திய பின் பத்து எண்ணும்வரை ஊசியை உருவாதீர்கள். உடனே உருவினால் மருந்து வெளியே சொட்டிவிடும்.

இனி "கடைசிக் கட்டம்". டைப் 1 சர்க்கரை நோய் என்றால் முதல் நாளிலிருந்தே ஊசிதான். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வந்ததல்ல. 1922-இல் இன்சுலின் வருவதற்கு முன் டைப் 1 வந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இல்லை. டைப் 2-வில் அந்தச் செல்கள் வருடக்கணக்கில் மெல்லச் சோர்கின்றன. கணையத்தைத் தூண்டும் மாத்திரைக்குத் தூண்டுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே! "சொன்னபடி கேட்காவிட்டால் ஊசிதான்" என்று மிரட்டும் டாக்டர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. மருந்தைத் தண்டனையாக்கியதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

உடனே "இவர் எல்லோரையும் ஊசி போடச் சொல்கிறார்" என்று யாராவது வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. டைப் 2-வில் எடையைக் குறைத்து மாத்திரையையே நிறுத்தியவர்களும் உண்டு. தேவைப்படுபவர் கூச்சத்தால் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

ஆபீஸில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். சுகர் 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். தெரியாதவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள். அப்போது 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். "சுகர் பேஷன்ட் இனிப்பு சாப்பிடலாமா?" என்று அந்த நேரத்தில் கையிலிருந்து பிடுங்கிவிடக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.