குல்மர்க்கில் ஒரு நாள் பனிச்சறுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளிர்கால விடுமுறையில் காஷ்மீர் செல்லத் திட்டமிட்டிருக்கும் வாசகர்கள் பலர், ஸ்ரீநகரில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் குல்மர்க் சென்று பனிச்சறுக்கில் ஈடுபட்டுத் திரும்புவதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறோம்.

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு காஷ்மீர் செல்கிறோம். ஐந்து நாள் பயணத்தில் ஒரு நாள் குல்மர்க். ‘வழிகாட்டியுடன் பனிச்சறுக்கு’ என்று பயண நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது. எங்களில் ஒருவரும் பனியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடியுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: சமதளத்தில் காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளோடு நடக்கவும், சிறு சரிவில் வேகத்தைக் குறைத்து நிற்கவும், நல்ல பயிற்றுநர் கிடைத்தால் மெல்ல இடமும் வலமும் திரும்பவும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இந்த அளவு கிடைத்தாலே அந்த நாள் நிறைவாக இருக்கும் என்பதால், நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது ‘வழிகாட்டி’ என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார் என்பதைத்தான்.

குல்மர்க்கில் உங்களைச் சூழ்ந்துகொள்பவர்கள் பல வகையினர். ஸ்ரீநகரிலிருந்து அழைத்து வரும் ஓட்டுநர் ஒருவர். கேபிள் கார் நிலையம் வரை கூட்டிச் சென்று வரிசையில் நிற்க உதவும் சுற்றுலா வழிகாட்டி ஒருவர். பலகைகளைத் தோளில் சுமந்து வருபவர் ஒருவர். ஸ்லெட்ஜ் வண்டியில் உட்கார வைத்து இழுத்துச் செல்பவர் ஒருவர். இவர்கள் எல்லோருக்கும் அப்பால் சறுக்கக் கற்றுத்தரும் பயிற்றுநர் ஒருவர். அச்சிட்ட திட்டத்தில் வழிகாட்டி என்று குறிப்பிடப்படுபவர் பெரும்பாலும் முதல் இருவரில் ஒருவராகவே இருப்பார். எனவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே, பயிற்றுநர் தனியாக உண்டா, அவரிடம் எத்தனை பேர் கற்பார்கள், எத்தனை மணி நேரம் கற்பிப்பார், பலகையும் பூட்ஸும் வாடகையில் அடங்குமா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேருக்கு மேல் இருந்தால் நீங்கள் சறுக்கும் நேரத்தைவிட உங்கள் முறைக்காகக் காத்திருக்கும் நேரமே அதிகமாகும்.

பயிற்றுநர்களின் திறமையில் ஐயம் வேண்டாம். இந்தச் சரிவுகளிலேயே வளர்ந்தவர்கள் அங்கே ஏராளம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரரான ஆரிஃப் கான், குல்மர்க்குக்குக் கீழே இருக்கும் டங்மார்க் பகுதியைச் சேர்ந்தவர். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மலையேற்ற நிறுவனமும் குல்மர்க்கிலேயே இருக்கிறது. அது பல நாள் பயிற்சிகளை நடத்துவது. ஒரு நாள் விருந்தாளிக்கு அது பயன்படாது என்றாலும், அங்கே பயின்று சான்றிதழ் பெற்ற பயிற்றுநரா என்று கேட்பது பயன்படும்.

இனி நேரக் கணக்கு. ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் சுமார் 50 கிலோமீட்டர். ஜனவரியில் அங்கே சூரியன் உதிப்பதே ஏழரை மணியளவில்தான் என்பதால் வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். டங்மார்க் வரை சாதாரண கார் செல்லும்; அதற்கு மேலுள்ள 13 கிலோமீட்டர் மலைச்சாலையில் பனி விழுந்திருந்தால், சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளையும் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளையும் மட்டுமே விடுவார்கள். அங்கே வண்டி மாறுவதற்கான செலவு உங்கள் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், சேர்ந்திருப்பது அபூர்வம். வண்டி மாறி, மேலே சேர்ந்து, பூட்ஸ் அளவு பார்த்து, சரிவில் கால் வைக்கும்போது பத்தரை ஆகிவிடும். மாலையில் சாலை மீண்டும் உறைவதற்குள் இறங்க வேண்டும். ஆக, உங்களுக்கு உண்மையில் கிடைப்பது நான்கு, ஐந்து மணி நேரம். அதில் கேபிள் கார் வரிசைக்கு இரண்டு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டால் சறுக்குவதற்கு மிஞ்சுவது சொற்பம். கற்பதுதான் நோக்கம் என்றால், அன்றைய பொழுதைக் கோல்ஃப் மைதானத்தை ஒட்டியுள்ள தொடக்கநிலைச் சரிவுகளிலேயே கழிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒரு இரவு குல்மர்க்கிலேயே தங்க முடிந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: மகள் ஸ்கை என்கிறாள், மகன் ஸ்னோபோர்டு என்கிறான். ஒரு நாளுக்கு எது ஏற்றது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஒரே நாள் என்றால் ஸ்கை. இரண்டு கால்களும் தனித்தனிப் பலகைகளில், முகம் போகும் திசையை நோக்கியே இருப்பதால், நடப்பதற்குப் பழகிய உடல் அதை விரைவில் புரிந்துகொள்கிறது. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி, ஆப்பு வடிவில் வைத்தால் வேகம் குறையும். பயிற்றுநர்கள் இதைப் ‘பீட்சா’ என்பார்கள். உடலைப் பின்னால் சாய்க்காமல், கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பூட்ஸின் முன்புறத்தை அழுத்தும்படி நிற்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் கடினமான பாடம். பயம் வந்தால் பின்னால் சாய்வது மனித இயல்பு. அப்படிச் சாய்ந்த கணத்தில் பலகையின் முன்பாகம் கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டு, உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். முதல் நாள் முழுவதும் விழுந்து எழுவதிலேயே கழியும். மூன்றாம் நாளுக்குப் பிறகு ஸ்கை கற்பவரைவிட வேகமாக முன்னேறுவார்கள் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் மகனுக்கு மூன்றாம் நாள் இல்லையே. அவர் பிடிவாதமாக இருந்தால் மணிக்கட்டுக் காப்பு அணியாமல் பலகையில் ஏற விடாதீர்கள். ஸ்னோபோர்டில் விழுபவர்கள் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார்கள். ஸ்கையில் பெரும்பாலும் அடிபடுவது முழங்கால்.

அதனால்தான் ஸ்கை பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பைண்டிங்கை நன்றாகக் கவனிக்க வேண்டும். விழும்போது பூட்ஸ் பலகையிலிருந்து கழன்றுகொண்டால்தான் முழங்கால் தப்பும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பது உங்கள் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றைப் பொறுத்து திருகாணியால் அமைக்கப்படுகிறது. வாடகைக் கடையில் உங்கள் எடையைக் கேட்காமலேயே பலகையை நீட்டினால், நீங்களாகவே எடையைச் சொல்லி, பைண்டிங்கை அதற்கேற்ப அமைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கேபிள் காரில் இரண்டாம் கட்டம் வரை ஏறி, அங்கிருந்து சறுக்கி இறங்கலாம், பயமில்லை, நான் அழைத்துப் போகிறேன் என்று ஒரு வழிகாட்டி சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், சென்னை)

பதில்: நீங்கள் முன்பே பல நாட்கள் பயின்றவர் இல்லையென்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது.

குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரி வரை, அதாவது 3,100 மீட்டரை ஒட்டி. இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோளில் சுமார் 3,980 மீட்டரில் கொண்டுபோய் விடும். காலையில் 1,600 மீட்டர் உயரமுள்ள ஸ்ரீநகரில் தேநீர் குடித்தவர் நண்பகலில் அந்த இடத்தில் நிற்கிறார். கடல்மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே அங்கே கிடைக்கும். தலைவலி, குமட்டல், காரணமில்லாத களைப்பு ஆகியவை தெரிந்தால் உடனே கீழே இறங்குவதே மருந்து. காட்சிக்காகச் சென்று, சிறிது நேரம் நின்று, அதே கேபிள் காரில் இறங்குவதில் பெரும்பாலான ஆரோக்கியமானவர்களுக்குச் சிக்கல் இல்லை. சறுக்கி இறங்குவது முற்றிலும் வேறு விஷயம்.

அஃபர்வத்தின் பெரும்பகுதி, எந்திரத்தால் சமன்படுத்திய பாதைகள் இல்லாத இயற்கைச் சரிவு. உலகெங்கிலுமிருந்து தேர்ந்த சறுக்கு வீரர்கள் குல்மர்க்கைத் தேடி வருவதற்கும், அவர்களில் சிலர் உயிரோடு திரும்பாததற்கும் இந்த ஒன்றே காரணம். 2010 பிப்ரவரியில் குல்மர்க்கில் இராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிச்சரிவில், அதாவது மலைப்பனி திடீரெனப் பெயர்ந்து சரிந்ததில், மாண்டார்கள். மலையையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அதே மலைப்பகுதியில் உயிரிழந்தார்கள். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வில்தான் நிகழ்கிறது, சறுக்கு வீரர்கள் விரும்புவதும் அதே சாய்வைத்தான். புதுப்பனி பெய்த மறுநாளிலும், காற்று பனியை வாரிக்கொண்டு போய் ஒரு பக்கச் சரிவில் குவித்த பின்பும் அபாயம் கூடுகிறது.

கேபிள் காரையொட்டிய குறிப்பிட்ட பகுதியை மட்டுமே மீட்பு ரோந்துக் குழு கண்காணித்து, தேவைப்படும்போது வெடி வைத்துப் பனியைச் சரியவிட்டு, திறக்கலாமா மூடலாமா என்று முடிவு செய்கிறது. அன்றைய அபாய அளவை ஒன்று முதல் ஐந்து வரை குறிப்பிடுவார்கள். அந்தப் பகுதியின் எல்லைக் கயிற்றைத் தாண்டி அழைத்துச் செல்லும் வழிகாட்டி, தன்னிடமும் உங்களிடமும் இருப்பிடம் காட்டும் டிரான்சீவர் கருவியும், குத்திப் பார்க்கும் நீண்ட கோலும், மண்வாரியும் இருக்கச் செய்ய வேண்டும். காரணம், புதைந்தவர்களில் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படுபவர்களே பெரும்பாலும் பிழைக்கிறார்கள், அதற்குள் கீழேயிருந்து எவரும் வந்து சேர முடியாது. இந்த மூன்றும் இல்லாமல் ‘பயமில்லை’ என்பவர் உங்களுக்கு மலையைக் காட்டுகிறாரே தவிர மலையிலிருந்து காக்கவில்லை. நல்ல வழிகாட்டியை அடையாளம் காண எளிய வழி, ‘இன்று எந்தப் பக்கம் போகக் கூடாது?’ என்று கேட்பது. உடனே பதில் வந்தால் அவர் காலையில் மலையைப் பார்த்திருக்கிறார்.

கேள்வி: என்ன உடுத்த வேண்டும்? டங்மார்க்கில் கோட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்குமாமே? (வாசகி, ஈரோடு)

பதில்: கிடைக்கும், ஓட்டுநர் அந்தக் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்துவார். அங்கே தருவது பனியில் நடப்பதற்கான ரப்பர் பூட்ஸ். சறுக்கப் போகிறவர் மேலே சென்றதும் அதைக் கழற்றிவிட்டு ஸ்கை பூட்ஸை மாட்ட வேண்டியிருப்பதால், வாடகை இரட்டிப்பாகிறது. உங்களிடம் நீர் புகாத நல்ல காலணி இருந்தால் டங்மார்க் கடையைத் தாண்டிச் செல்லலாம்.

பருத்தி உள்ளாடை, ஜீன்ஸ் இரண்டையும் விட்டுவிடுங்கள். விழுந்து எழும்போது நனையும் பருத்தி காயாமல் உடற்சூட்டை உறிஞ்சும். உடலை ஒட்டிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத சட்டையும் கால்சட்டையும் போதும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறைகளை அணிவது நம்மவர்கள் தவறாமல் செய்வது; பூட்ஸ் இறுகி இரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிட்டுப் போகும். முழங்கால் வரை வரும் ஒரே காலுறை போதும். தலைக்கவசத்தை வாடகைக்குக் கேட்டு வாங்குங்கள்.

கண்களை மறக்க வேண்டாம். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர்வீச்சு சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. புதுப்பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது. மேகமூட்டமான நாளிலும் கறுப்புக் கண்ணாடியும், மூக்குக்கும் தாடைக்கும் அடியில்கூட வெயில் தடுப்புக் களிம்பும் தேவை. வெயில் நமக்குப் புதிதா என்று கேட்பவர்கள், வெயில் கீழிருந்தும் வரும் என்பதை நினைக்க மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் பனி உறுதி? (வாசகர், மதுரை)

பதில்: டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர் காலத்தைக் காஷ்மீரிகள் ‘சில்லாய் கலான்’ என்பார்கள், முன்பெல்லாம் அதுவே உறுதி. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற காற்றமைப்புகள் தவறினால் பனியும் தவறுகிறது. 2024 ஜனவரியில் குல்மர்க் பெரும்பாலும் வெறும் புல்லும் மண்ணுமாகக் கிடந்தது. 2025-இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். சறுக்குவதே நோக்கமென்றால் ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை தேர்ந்தெடுங்கள். குல்மர்க் நாளைப் பயணத்தின் நடுவில் வைத்து, முன்பின் நகர்த்த இடம் விடுங்கள்.

கேள்வி: இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கும் 68 வயதுத் தந்தையை அழைத்துப் போகலாமா? (வாசகர், சேலம்)

பதில்: அவருடைய இதய மருத்துவரிடம் 2,650 மீட்டர், 3,980 மீட்டர் என்ற இரண்டு எண்களையும் சொல்லிக் கேளுங்கள். அவர் அனுமதித்தாலும் இரண்டாம் கட்டத்தைத் தவிர்த்துவிடுவது எங்கள் கருத்து.

கேள்வி: காப்பீடு, கைப்பேசி, கேபிள் கார் சீட்டு ஆகியவற்றில் கவனிக்க வேண்டியவை? (வாசகி, புதுச்சேரி)

பதில்: சாதாரணப் பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், பனிச்சறுக்கு என்ற சொல் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிற மாநிலங்களின் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது, போஸ்ட்பெய்டு இயங்கும். குழுவில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும், சரிவில் பிரிந்துபோனால் சந்திக்கும் இடத்தையும் முன்பே பேசிவையுங்கள். கேபிள் கார் சீட்டை அரசின் கேபிள் கார் கழகத்தின் இணையதளத்திலேயே அடையாள அட்டை விவரத்துடன் முன்பதிவு செய்யலாம். நெரிசல் மாதங்களில் சீட்டு விரைவில் தீர்ந்துவிடும். காற்று பலமாக வீசினால் இரண்டாம் கட்டத்தை முன்னறிவிப்பின்றி நிறுத்துவார்கள் என்பதால், முதல் கட்டத்துக்கு மட்டும் சீட்டு எடுத்தாலும் குறையில்லை.