வாசகர் கேள்வி – பதில்: தொடரில் பார்த்த நடிகரை வேறு எங்கே பார்க்கலாம்?

கேள்வி: நான் தவறாமல் பார்த்துவந்த தொடர் முடிந்துவிட்டது. அதில் நடித்த ஒருவரின் மற்ற வேலைகளையும் பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவர் அடுத்து எதில் நடிக்கப்போகிறார் என்று விசாரிப்பதுதான் பலரின் வழக்கம். இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பேன் நான். 2022-இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவை எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பெண்களை அதட்டி உருட்டும் அந்தப் பாத்திரத்தின் மூலமே பெருவாரியான நேயர்கள் அவரை அறிந்தார்கள். ஆனால், அவர் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2008-இல், 'கண்ணும் கண்ணும்' என்ற திரைப்படத்தை இயக்கியவர்; 2014-இல் 'புலிவால்' படத்தையும் இயக்கினார். இடையில் 2011-இல் வெளியான 'யுத்தம் செய்' அவரை நடிகராகவும் கவனிக்க வைத்தது. 2018-இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகியின் தந்தையாக நடித்திருக்கிறார். குணசேகரனின் ஓங்கிய குரலை எதிர்பார்த்து அந்தப் படத்துக்குப் போகிறவருக்கு, உறவினர்களை அடக்கவும் முடியாமல் மகளுக்குத் துணைநிற்கவும் முடியாமல் ஒடுங்கிப்போன ஒரு தகப்பன்தான் கிடைப்பார். அதைப் பார்த்துவிட்டுத் தொடருக்குத் திரும்பினால், குணசேகரனின் அதட்டலுக்கு அடியில் எவ்வளவு பயம் ஒளிந்திருக்கிறது என்பதும் கண்ணில் படும். மற்ற வேலைகளைத் தேடிப் பார்ப்பதில் எனக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்: புதிதாக ஒன்றைப் பார்த்ததோடு, ஏற்கெனவே பார்த்ததும் புதிதாகிவிடுகிறது.

தேடும் முறையைப் பொறுத்தவரை, பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு மூன்று நடிகர்கள் இருப்பார்கள். ஒருவரே தம் பெயரைப் பல காலத்தில் பலவிதமாக எழுதியிருப்பார். இணையத்தில் எல்லோரும் முதலில் புரட்டுவது 'ஐஎம்டிபி' தளத்தை. 1990-இல் ஆர்வலர்களின் பட்டியலாகத் தொடங்கிய அது, திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நல்ல வழிகாட்டி. ஆனால், மேடை நாடகம் அதன் கணக்கில் வராது. எனவே, அந்தப் பட்டியலில் ஒருவருக்கு நான்கைந்து ஆண்டுகள் வெற்றிடமாக இருந்தால், வாய்ப்பில்லாமல் வீட்டில் இருந்தார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் காலம் முழுவதும் அவர் ஏதாவதொரு நாடகக் குழுவில் இருந்திருக்கக்கூடும். பெயரை விட்டு, அவர் யாருடன் பணியாற்றினார், எந்தக் குழுவிலிருந்து வந்தார் என்று தேடினால் வழி தானாகவே திறக்கும். விஜய் சேதுபதியைத் தேடிக்கொண்டு போனால், அவர் ஒரு காலத்தில் கணக்காளராக வேலை பார்த்த கூத்துப்பட்டறைக்குப் போய்ச் சேருவீர்கள். 1977-இல் ந. முத்துசாமி நிறுவிய அந்தக் குழுவிலிருந்துதான் பசுபதியும் வந்தார். ஒருவரைத் தேடிப்போய் ஒரு பட்டாளத்தையே கண்டுபிடிப்பது என்பது இதுதான்.

கேள்வி: ஒரே ஒரு காட்சியில் வந்துபோகும் சின்ன வேடங்களையும் தேடிப் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. ஆனால், தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். அமெரிக்கத் தொடரான 'பிரேக்கிங் பேட்' 2008-இல் தொடங்கியபோது, அதன் நாயகன் பிரையன் கிரான்ஸ்டனை மக்கள் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரின் கோமாளி அப்பாவாக மட்டுமே அறிந்திருந்தார்கள். போதைப்பொருள் தயாரிக்கும் வேதியியல் ஆசிரியராக அவரை நினைத்துப் பார்க்கவே தொலைக்காட்சி நிறுவனத்தார் தயங்கினார்கள். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனுக்கு மட்டும் வேறொன்று நினைவில் இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன், 1998-இல், 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடருக்காக அவர் எழுதிய ஓர் அத்தியாயத்தில் கிரான்ஸ்டன் வெறுக்கத்தக்க ஒரு மனிதராக நடித்திருந்தார். வெறுத்துக்கொண்டே அந்த மனிதருக்காக இரங்கவும் வைத்திருந்தார். அந்த அத்தியாயத்தைப் போட்டுக்காட்டிய பிறகுதான் வேடம் உறுதியானது. அதே கிரான்ஸ்டன் பின்னர் மேடைக்குப் போய், அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனாக நடித்து 2014-இல் டோனி விருது பெற்றார். 2019-இல் இன்னொரு நாடகத்துக்காக அவ்விருது இரண்டாம் முறையும் கிடைத்தது.

கேள்வி: தொலைக்காட்சியில் அவ்வளவு இயல்பாக நடிப்பவர், மேடையில் ஏன் சற்று மிகையாகத் தெரிகிறார்?

பதில்: தொலைக்காட்சியில் கேமரா நடிகரின் முகத்தருகே வந்து நிற்கிறது. இமை அசைந்தாலே போதும். மீதியை நெருக்கக் காட்சியும் பின்னணி இசையும் பார்த்துக்கொள்ளும். தினத்தொடர் என்றால், ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்து முடிக்கவேண்டிய நெருக்கடியும் உண்டு. வசனத்தை அப்போதே படித்து அப்போதே பேசுவதும், பின்னர் டப்பிங்கில் சரிசெய்துகொள்வதும் நடக்கும். மேடையிலோ கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அந்த உணர்ச்சி போய்ச் சேர வேண்டும். வெட்டி ஒட்ட யாரும் இல்லை. ஆகவே குரலும் உடலும் பெரிதாகின்றன. முன்வரிசையில் உட்கார்ந்து, தொலைக்காட்சிக்குரிய கண்ணோடு பார்த்தால் அது மிகையாகத்தான் தோன்றும். முதல் கால்மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும். பழகாவிட்டால், அவர் உண்மையிலேயே மிகையாக நடிக்கிறார் என்று பொருள். அதையும் தயங்காமல் சொல்லலாம்.

இந்த இரு கலைகளுக்கும் உள்ள உறவைக் காட்ட எனக்குப் பிடித்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 'ஷெர்லாக்' தொடர் 2010-இல் ஒளிபரப்பானதும் பெனடிக்ட் கம்பர்பேட்ச் உலகப் புகழ் பெற்றார். அடுத்த ஆண்டே அவர் லண்டன் தேசிய நாடக அரங்கில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையின் மேடை வடிவத்தில் நடித்தார். அதில் விஞ்ஞானியும் அவன் படைத்த உயிரும் ஆகிய இரு பாத்திரங்களை அவரும் ஜானி லீ மில்லரும் மாற்றி மாற்றி ஏற்றார்கள்: ஒரு நாள் நாடகத்தில் இவர் படைப்பவர், இன்னொரு நாள் நாடகத்தில் அவர். ஒலிவியர் விருதும் இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. 2012-இல் தொடங்கிய 'எலிமென்டரி' என்ற அமெரிக்கத் தொடரில் மில்லரும் ஷெர்லாக் ஹோம்ஸ் ஆகிவிட்டார்! இரு ஹோம்ஸ்களையும் தொலைக்காட்சியில் ஒப்பிட்டுச் சண்டையிடும் ரசிகர்கள், அவ்விருவரும் ஒரே வேடத்தை ஒரே மேடையில் பகிர்ந்துகொண்ட அந்த நாடகத்தையும் பார்த்துவிட்டால் சண்டை இன்னும் சுவையாக இருக்கும்.

கேள்வி: அந்த மாதிரி நாடகங்களை நேரில் போய்ப் பார்க்க என்னால் இயலாது. பதிவுகள் கிடைக்குமா?

பதில்: சிலவற்றுக்குக் கிடைக்கும். மேலே சொன்ன லண்டன் அரங்கு, 2009 முதல் தன் நாடகங்களைப் பல கேமராக்களால் படம்பிடித்து, திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்புகிறது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' அப்படி இரு விதமாகவும், அதாவது வேடங்கள் மாறிய இரண்டு நாள்களிலும், பதிவானது. 2020 டிசம்பரிலிருந்து அந்த அரங்கு வீட்டிலிருந்தே சந்தா கட்டிப் பார்க்கும் சேவையையும் நடத்துகிறது. எந்த நாடகம் எவ்வளவு காலம் அதில் இருக்கும் என்பது உரிமத்தைப் பொறுத்தது. நியூயார்க் பொது நூலகம் 1970 முதல் மேடை நாடகங்களைப் பதிவுசெய்து சேமித்துவருகிறது என்றாலும், அங்கே நேரில் சென்றுதான் பார்க்க முடியும்.

நம் நாடகக் குழுக்களின் நிலை வேறு. பெரும்பாலானவை அரங்கேறிய இரவோடு காற்றில் கரைந்துவிடுகின்றன. ஆகவே, ஒரு நடிகரின் திரைப்படம், இணையத்தொடர், நாடகம் மூன்றும் ஒரே மாதத்தில் வந்தால், முதலில் நாடகத்துக்குப் போங்கள். மற்ற இரண்டும் உங்களுக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: தொலைக்காட்சியில் பார்த்த நடிகருக்காகவே நாடகத்துக்குச் சீட்டு வாங்கி, அன்று அவர் வராவிட்டால்?

பதில்: வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் எழுந்து வந்துவிடாதீர்கள். 2008-இல், 'டாக்டர் ஹூ' தொடரின் புகழின் உச்சியில் இருந்த டேவிட் டெனன்ட், ராயல் ஷேக்ஸ்பியர் குழுவின் நாடகத்தில் ஹாம்லெட்டாக நடித்தார். டிசம்பரில் நாடகம் லண்டனுக்கு வந்த சமயத்தில் முதுகுத்தண்டு உபாதையால் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. லேயர்ட்டீஸ் வேடத்தில் இருந்த எட்வர்ட் பென்னட் ஹாம்லெட்டாக மேடையேறினார். டெனன்ட்டைப் பார்க்கவந்து பென்னட்டைப் பார்த்தவர்கள், பின்னாளில் அதே குழுவின் நாடகங்களில் முதன்மை வேடங்களை ஏற்ற ஒரு நடிகரின் தொடக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். டெனன்ட் ஜனவரியில் திரும்பிவந்தார். அவருடைய ஹாம்லெட் 2009 டிசம்பரில் பிபிசியில் படமாகவே ஒளிபரப்பானது. இரண்டையும் பார்த்தவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கேள்வி: நடிகர்கள் புத்தகம் எழுதுவது, பாட்டுப் பாடுவது எல்லாம் புகழை விற்கும் வேலைதானே? அதையும் பின்தொடர வேண்டுமா?

பதில்: பாதி உண்மை. எது முந்தியது என்று பார்த்தால் மீதிப் பாதி தெரிந்துவிடும். 'ஹவுஸ்' தொடரில் 2004 முதல் 2012 வரை கடுகடுப்பான மருத்துவராக நடித்த ஹியூ லாரி, அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1996-இல், ஒரு நகைச்சுவைத் துப்பறியும் நாவலை வெளியிட்டவர். கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோதே நகைச்சுவை நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அதனால்தான் அவருடைய நாவலின் கேலி, தொடரின் வெற்றிக்குப் பிறகு ஒட்டவைத்ததாகத் தோன்றுவதில்லை. 2011-இல் அவர் புளூஸ் இசைத்தட்டு ஒன்றையும் வெளியிட்டார். இசைத்தட்டு தொடரின் புகழால் விற்றிருக்கலாம் என்று நீங்கள் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். ஆனால், மருத்துவர் ஹவுஸ் பியானோ முன் உட்காரும் காட்சிகளில் அந்த விரல்கள் நடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

நமக்கு அருகிலேயே இதைவிடச் சிறந்த சான்று ஒன்று இருக்கிறது. 2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து திடீரென மறைந்தபின், குணசேகரன் வேடத்தை ஏற்றவர் வேல ராமமூர்த்தி. 'புது குணசேகரன்' என்று மட்டுமே அவரை அறிந்த நேயர்கள் அப்போது ஏராளம். அவர் 'குற்றப் பரம்பரை' என்ற நாவலின் ஆசிரியர். ராமநாதபுரச் சீமையின் மண்ணையும் மொழியையும் சிறுகதைகளிலும் நாவல்களிலும் எழுதியவர். 'மதயானைக் கூட்டம்' படத்தில் 2013-இல் நடித்தபோது அவர் ஏற்கெனவே அறியப்பட்ட எழுத்தாளர். அதாவது, அவருடைய விஷயத்தில் நடிப்புதான் 'மற்ற வேலை'. அவருடைய எழுத்தைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்ப்பவர், அந்தக் கம்பீரமான பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதைத் தனியாக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: சமூக வலைத்தளத்தில் பின்தொடர்ந்தால் எல்லாச் செய்தியும் கிடைத்துவிடுமே?

பதில்: அறிவிப்புகள் கிடைக்கும். அவற்றோடு குழந்தையின் பள்ளி, வீட்டுச் சண்டை என்று நமக்குத் தொடர்பில்லாதவையும் வந்து குவியும். நான் நாடகக் குழுக்களையும் இயக்குநர்களையும் பின்தொடர்கிறேன். நடிகர் எங்கே நடிக்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

கேள்வி: பழைய தொடர்களில் நடித்துவந்த சிலரை இப்போது திரையில் காணவே முடியவில்லையே. தொழிலை விட்டுவிட்டார்களா?

பதில்: சிலர் விட்டிருக்கலாம். ஆனால், 'காணவில்லை' என்பதற்குப் பதிலாகக் 'கேட்கிறதா?' என்றும் விசாரித்துப் பாருங்கள். டப்பிங் கலைஞர்களின் பெயர்கள் திரையில் ஓடும் வேகத்தில் யாரும் படிக்க முடியாது. சில படங்களில் அவை இடம்பெறுவதே இல்லை. எனவே, நடிகர்களின் வேலைகளில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது குரல்தான். 'சித்தி', 'கோலங்கள்' தொடர்களில் நடித்த தீபா வெங்கட்டை நினைவிருக்கும். 2013-இல் வெளியான 'ராஜா ராணி' படத்தில் நயன்தாராவுக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். அடுத்த முறை அந்தப் படம் ஓடும்போது ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'கோலங்கள்' உஷா வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து பேசுவார்.