நாலு பக்கக் கடிதத்தைச் சுருக்கச் சொன்னால்...

கேள்வி: டீச்சர், எங்கள் கல்லூரி மாணவர் பத்திரிகையில் போன மாதம், 'நூலகத்தை யாரும் பயன்படுத்துவதில்லை' என்று ஒரு கட்டுரை வந்தது. மறுப்பாக நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். '150 வார்த்தைக்குள் சுருக்கித் தா, பெயரும் போட வேண்டும்' என்கிறார்கள். சுருக்கினால் என் கோபமே போய்விடாதா? பெயர் இல்லாமல் எழுதக் கூடாதா?
- கல்லூரி மாணவி, குலசேகரம்

பதில்: மகளே, நீ அனுப்பிய நகலை முழுக்க வாசித்தேன். முதல் பக்கம் திருக்குறள், இரண்டாம் பக்கம் வாசிப்பின் பெருமை. விஷயம் மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் வருகிறது. நாலரைக்கு வகுப்பு முடிகிறது. நாகர்கோவிலில் ஐந்து மணி பஸ்ஸை விட்டால் தக்கலையில் இறங்கி மாறி ஏற வேண்டும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற நம் மாவட்டத்தில் பாதி வருஷம் வீடு சேரும்போது இருட்டிவிடும். நூலகம் ஆறு மணிவரை திறந்திருந்து உனக்கு என்ன பிரயோஜனம்? இதை எழுத உன்னைப் போல பஸ்ஸில் வருகிற பிள்ளையால்தான் முடியும். அதையே கடிதமாக்கு.

எந்த இதழ், எந்தக் கட்டுரை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடு. கட்டுரையைப் பார்க்காதவர்களும் உன் கடிதத்தை வாசிப்பார்கள். அடுத்து பஸ் கதை. கடைசியில், 'ஆவன செய்ய வேண்டும்' என்று மனு எழுதுகிற மாதிரி முடிக்காமல், மதிய இடைவேளையில் புத்தகம் எடுக்க வழி செய்யுங்கள் என்று நேராகக் கேள். பத்திரிகையை நூலகரும் முதல்வரும் புரட்டுவார்கள் இல்லையா?

கட்டுரை எழுதிய பையனை மூன்று இடத்தில் 'சோம்பேறி' என்று திட்டியிருக்கிறாய். எடுத்துவிடு. 'வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒருவரிடமாவது கேட்டீர்களா?' என்ற உன் வரி இருக்கிறதே, உன் கோபம் முழுவதும் அதில் இருக்கிறது.

சின்னக் கடிதம் என்றால் இளப்பமாக நினைக்காதே. நவம்பர் இதழில் குமரி மாவட்டம் 1957-இல் இணைந்தது என்று தப்பாக வந்தால், 'தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-இல்' என்று எழுதினால் போதும், திருத்தம் போட்டே ஆக வேண்டும்.

கடிதத்தைச் சுருக்குவது ஆசிரியர் குழுவின் உரிமை; கருத்தை மாற்ற அவர்களுக்கு உரிமை கிடையாது. அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை காட்டச் சொல், தயங்காதே.

அப்புறம் பெயர். ராகிங், பாலியல் தொல்லை போன்ற விஷயம் என்றால் ஆசிரியரிடம் மட்டும் பெயரைச் சொல்லி, அச்சில் போடாதீர்கள் என்று கேட்கலாம். அப்போதும் கடிதத்தோடு நிற்காமல் கல்லூரியில் அதற்குரிய குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நூலக நேரம் கேட்பதற்கு ஏன் ஒளிய வேண்டும்? பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் போடு. குலசேகரம் என்று பார்த்தாலே பஸ் கஷ்டம் புரிந்துவிடும். இந்த வாரமே கொடுத்துவிடு. மாதப் பத்திரிகை, ஒரு இதழ் தள்ளிப்போனால் கட்டுரையையே மறந்துவிடுவார்கள்.